கண்ணீருக்கும் அற்புதத்துக்கும் நடுவே: சின்னத்திரையில் நோயுற்றோரும் மாற்றுத்திறனாளிகளும்



ஏலகிரி மலைச்சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளும் தமிழ்ப் புலவர்களின் பெயர்களையும் வள்ளல்களின் பெயர்களையும் தாங்கி நிற்கின்றன. புலவரையும் வள்ளலையும் வழியில் கண்டுவிட்டு மேலேறி வந்து கவிதை பேசும் பேறு எல்லா ஊர் இலக்கிய அமைப்புகளுக்கும் வாய்ப்பதன்று. மலையின் கீழே ஜோலார்பேட்டை. அதற்கப்பால் பாலாற்றுப் பள்ளத்தாக்கில் வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை எனத் தோல் பதனிடும் ஊர்களும் காலணி தைக்கும் ஊர்களும். அவற்றிடையே மருத்துவத்தால் பெயர் பெற்ற வேலூர். இந்தப் பொழுதின் பொருள், மலைக்கு மேலும் கீழும் எல்லா வீடுகளிலும் மாலை தோறும் ஒளிர்கின்ற தொலைக்காட்சிப் பெட்டியைப் பற்றியது. கடும் நோயுற்றோரையும் மாற்றுத்திறனாளிகளையும் அது எவ்வாறு காட்டுகிறது, எதைக் காட்டாமல் விடுகிறது என்பதே வினா. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடிப் பேரும், தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேரும் மாற்றுத்திறனாளிகள். எனவே இது யாரோ சிலரைப் பற்றிய வினாவன்று.

ஓராண்டின் மூன்று நிகழ்ச்சிகள்

1954ஆம் ஆண்டில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் தமிழ்நாட்டில் நடந்தன.

அவ்வாண்டு ஜனவரித் திங்களில், வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் சென்ற வண்டி விபத்துக்குள்ளாயிற்று. அதிலிருந்த மேரி வர்கீஸ் என்னும் மருத்துவரின் முகம் சிதைந்தது, முதுகுத்தண்டு முறிந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் அற்றுப்போயின.

ஜூன் திங்களில், தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் நெடுநாள் முயற்சியால், சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது.

ஆண்டின் பிற்பகுதியில், எம். ஆர். ராதா மேடையில் பலமுறை நடித்துப் புகழ்பெற்ற ‘இரத்தக்கண்ணீர்’ நாடகம், கிருஷ்ணன் - பஞ்சு இயக்கத்தில் திரைப்படமாக வெளிவந்தது.

இம்மூன்றனுள் முதலிரண்டும் நோயோடும் உடற்குறையோடும் மனிதர் வாழ்வதற்கான வழிகளைத் திறந்தன. மூன்றாவது, நோயைப் பற்றிய ஓர் உருவத்தை மக்கள் மனத்தில் நிலைநிறுத்தியது. சென்னையில் 1975 ஆகஸ்டு 15 அன்று தொலைக்காட்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1993 முதல் தனியார் தமிழ் அலைவரிசைகள் வந்தன. 2006க்குப் பின் அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை வழங்கியபோது குடிசைகளும் திரையரங்குகளாயின. மூன்று நிகழ்ச்சிகளில் எது அந்தப் பெட்டிக்குள் நுழைந்து திரும்பத் திரும்ப வந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இரத்தக்கண்ணீரின் சிலை

‘இரத்தக்கண்ணீர்’ எளிதாக ஒதுக்கத்தக்க படைப்பன்று. போலிப் பகட்டையும் சாதி மத மூடத்தனங்களையும் அது சாடியது. தன்னால் கைவிடப்பட்ட மனைவிக்குத் தன் நண்பனையே மணம் செய்துவைக்கும் நாயகனை, கைம்பெண் மறுமணத்துக்கே தயங்கிய சமுதாயத்தின் முன்னே நிறுத்தியது. ராதாவின் நடிப்பை வியக்காதார் இல்லை. ஆயினும் அதன் கதை ஒரு கணக்கின்மேல் கட்டப்பட்டது. வெளிநாடு சென்று திரும்பிய செல்வன் மோகனசுந்தரம் மனைவியை விட்டுப் பரத்தையின்பால் செல்கிறான், பயனாகத் தொழுநோய் பெறுகிறான், தெருவில் அலைகிறான். இறுதியில், நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக வைத்து மக்களுக்கு எச்சரிக்கையாக்கும்படி வேண்டுகிறான். நோய் இங்கே தண்டனையாகிறது, நோயாளி பாடமாகிறான், மனிதன் சிலையாகிறான்.

தொழுநோய் ஒழுக்கக்கேட்டின் பயனன்று. அது ஒருவகை நுண்ணுயிரியால் வருவது. 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் அதைக் கண்டறிந்தார். சிகிச்சை பெறாத நோயாளரின் மூச்சுக்காற்று வழியாகவும், நீண்டநாள் நெருக்கத்தாலும் பரவுவது. பெரும்பாலான மனிதருக்கு இயற்கையிலேயே அதை எதிர்க்கும் ஆற்றல் உண்டு. கதைக்காகச் செய்யப்பட்ட மாற்றத்தைக் கலைஞனின் உரிமை என்று விட்டுவிடலாம். ஆனால் பகுத்தறிவை முழங்கிய ஒரு படைப்பே, முற்பிறவி வினையை மறுத்துவிட்டு இப்பிறவி வினையை அதே இடத்தில் வைத்தது என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. பழைய நம்பிக்கை பெயர் மாறி உட்கார்ந்துகொண்டது.

வேலூர் கண்ட கை

அதே காலத்தில், வேலூரில் இந்நோயைப் பற்றி வேறொரு பாடம் கற்கப்பட்டு வந்தது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த ஆங்கிலேய மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையைக் காணச் சென்றபோது, விரல்கள் மடங்கிப் பறவைக்கால்போல் வளைந்திருந்த ஒருவரின் கைக்குள் தம் கையைக் கொடுத்தார். அந்தப் பிடி அவருக்கு வலித்தது. செத்துப்போனதென்று எல்லாரும் எண்ணிய கையில் வலிவு இருந்தது. சில தசைகள் மட்டுமே செயலிழந்துள்ளன, பிற தசைகள் நலமாக உள்ளன என்பதை அந்தக் கைகுலுக்கலே உணர்த்தியது. நலமான தசைநாரை இடம் மாற்றித் தைத்து விரல்களை மீண்டும் இயங்கச் செய்யும் அறுவை முறை அதிலிருந்து வளர்ந்தது.

விரல்கள் ‘அழுகி உதிர்கின்றன’ என்பதும் பொய்யாயிற்று. நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சியைக் கொல்கிறது. துருப்பிடித்த பூட்டை ஒரு சிறுவன் முழு வலிவோடு திறக்கிறான். சாவி விரலை எலும்பு வரை கிழித்தும் அவன் அறியவில்லை. இரவில் உறங்குவோரின் விரலை எலி கடிக்கிறது. வலி இல்லாததால் அவர்கள் விழிப்பதில்லை. காரணம் தெரிந்தபின் அங்கே நோயாளிகளுக்கு மருந்தோடு பூனையும் கொடுக்கப்பட்டது. விரலைத் தின்றது பாவமன்று, எலி! இந்த ஒரு செய்தியில் இருக்கும் வியப்பும் துயரமும் விடுதலையும் எத்தனை காட்சிகளுக்குப் போதுமானவை. சின்னத்திரை அதை எடுத்துக்கொள்ளவில்லை.

இதன் பின் நடந்ததே இந்தப் பொருளின் நடுநாயகம். அறுவையால் கை சீரான சிலர் பிராண்டிடம் திரும்பி வந்து குறைபட்டுக்கொண்டனர். கை வளைந்திருந்தபோது பிச்சை கிடைத்தது. கை நேரானபின் யாரும் காசு போடவில்லை. தொழுநோயின் தழும்பு கண்ட எவரும் வேலையும் தரவில்லை. அதன்பின்னரே மருத்துவமனை வளாகத்தில் அவர்கள் தங்கித் தச்சு முதலிய தொழில் கற்பதற்கு ‘நவஜீவ நிலையம்’ எழுந்தது. கைக்கு மருத்துவம் செய்தால் போதாது, அந்தக் கையைப் பார்க்கும் கண்ணுக்கும் மருத்துவம் வேண்டும் என்பதை வேலூர் அப்போதே கண்டுகொண்டது. 1955இல் காரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் இப்பணியை விரிவாக்கியது.

வளைந்த கைக்கே காசு

இந்த நிகழ்ச்சியைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய சின்னத்திரையைப் பார்த்தால் அதன் இயல்பு தெளிவாகும். தெருவில் சென்றவர் வளைந்த கைக்குக் காசு போட்டார்; நேரான கையைக் கடந்து போனார். தொலைக்காட்சியும் அதையே செய்கிறது.

பாட்டுப் போட்டிகளை நோக்குக. பார்வையற்ற இளைஞர் ஒருவர் பாட வருகிறார். பாட்டுக்கு முன் அவருடைய வீடு, தாயின் கண்ணீர், மெல்லிய வயலின் இசை, நடுவரின் கைக்குட்டை. அவர் சுருதி விலகினாரா, தாளம் பிசகினாரா என்பதை எவரும் பேசுவதில்லை. பிற போட்டியாளருக்கு உள்ள ஓர் உரிமை, அதாவது குறை சுட்டப்படும் உரிமை, அவருக்கு மறுக்கப்படுகிறது. புகழ்ச்சி இங்கே இன்னொரு வகை ஒதுக்கல்.

நெடுந்தொடர்களில் மூன்று அச்சுகள் உண்டு. முதலாவது தண்டனை அச்சு: தீயவள் கண்ணிழப்பாள், அல்லது கால் இழப்பாள்; அறம் வென்றது என்று பார்ப்போர் மனநிறைவு கொள்வர். இரண்டாவது கண்ணீர் அச்சு: நல்லவள் படுத்த படுக்கையாவாள், அவளைச் சுற்றி மற்றவர்களின் நற்குணமும் தீக்குணமும் வெளிப்படும், அவளுக்கென்று விருப்போ வெறுப்போ குறும்போ இராது. மூன்றாவது அற்புத அச்சு: சக்கர நாற்காலியில் இருப்பவர் கோயில் மணியோசையில், அல்லது பேரனுக்கு ஆபத்து நேரும் கணத்தில் எழுந்து நிற்பார். இவற்றோடு நான்காவதாக ஒரு நச்சு அச்சும் உண்டு. சொத்துக்காகவோ பழிவாங்கவோ முடக்குவாதம் வந்ததுபோல் நடிப்பவர், யாரும் இல்லாதபோது எழுந்து நடந்து சிரிப்பார். இதைப் பல்லாண்டு பார்த்த கண்கள், சலுகைக் கட்டணச் சீட்டை நீட்டும் மெய்யான பயணியைப் பேருந்தில் ஐயத்தோடு நோக்குவதில் வியப்பென்ன?

புற்றுநோயின் கதையும் இத்தகையதே. 1982ஆம் ஆண்டிலேயே ‘வாழ்வே மாயம்’, ‘பயணங்கள் முடிவதில்லை’ என இரு படங்களில் நாயகர்கள் புற்றுநோயால் இறந்தனர். இரண்டும் இசையால் நிலைத்தவை. தொலைக்காட்சியில் ஓயாது ஒலிப்பவை. நோயை மறைத்தலே காதலின் பெருமை, இறத்தலே அந்நோயின் ஒரே முடிவு என்னும் எண்ணம் அப்பாடல்களோடு சேர்ந்தே செவிவழிப் புகுந்தது. அதே 28 ஆண்டுகளில் அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை செய்துவந்ததோ நேர்மாறானது: நோயை மறைக்காதே, காலத்தோடு வா என்பதே அதன் வேண்டுகோள். 1955இல் அங்கே சேர்ந்து 2021இல் மறையும் வரை அப்பணியிலேயே வாழ்ந்த டாக்டர் வி. சாந்தா, பலவகைப் புற்றுநோய்களைத் தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தலாம் என்பதை ஊர் ஊராக எடுத்துரைத்தார். இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் முறையான சிகிச்சை பெற்றுப் பிழைத்து வளர்வோர் இன்று பலர். ஆனால் பிழைத்தவர் கதைக்குப் பயன்படுவதில்லை. அவர் அலுவலகம் செல்கிறார், பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறார், ஆண்டுக்கொருமுறை சோதனைக்கு வருகிறார். அவருடைய கை நேரான கை, காசு விழாது.

மறைக்கப்படும் தேமல்

இவையெல்லாம் கதைகள்தாமே, இவற்றால் யாருக்கு என்ன இழப்பு என்று வினவலாம். இழப்பு கணக்கிடத்தக்கது.

தொழுநோயின் முதல் அடையாளம் பெரும்பாலும் தோலில் தோன்றும் வெளிறிய அல்லது செந்நிறத் தேமல்; தொட்டால் அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். 1980களிலிருந்து கூட்டுமருந்துச் சிகிச்சை வந்துள்ளது. நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ மருந்துண்டால் நோய் குணமாகும். மருந்து அரசு நலவாழ்வு நிலையங்களில் இலவசம். நரம்பு கெடுமுன் வந்தால் விரல் மடங்குவதில்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில், பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்னும் நிலையை நாடு எட்டிற்று. ஆயினும் இந்தியாவில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்தையொட்டிய அளவில் புதிய நோயாளர் கண்டறியப்படுகின்றனர். உலகின் புதிய நோயாளருள் இது பாதிக்கு மேல்.

குடியாத்தத்திலோ பேரணாம்பட்டிலோ பீடி சுற்றும் ஒரு பெண்ணை எண்ணிப் பார்க்கலாம். முழங்கைக்குக் கீழே ஒரு தேமல். அவள் அறிந்த தொழுநோய், பாவம் செய்தவனுக்கு வருவது, முகம் சிதைந்து தெருவில் அலைவது, சிலையாக நிற்பது. அவள் பாவம் செய்யவில்லை, முகமும் சிதையவில்லை. ஆகவே இது அந்த நோயன்று என்று நம்புகிறாள். நம்ப முடியாத நாளில் முந்தானையால் மறைக்கிறாள். மருமகளுக்கு இந்த நோய் என்று தெரிந்தால் மகன் விலக்கு கேட்கலாம் என்று சட்டமே 2019 வரை சொல்லிற்று. அவ்வாண்டு நிறைவேறிய திருத்தச் சட்டமே மணவிலக்குக்கான காரணங்களிலிருந்து தொழுநோயை நீக்கியது. ஓராண்டு மறைத்தால் விரல் மடங்குகிறது. பீடி சுற்றுவதற்கு விரலே முதல். திரையில் கண்ட உருவம் இவ்வாறு உண்மையிலேயே அவளுடைய கையில் வந்து முடிகிறது. படம் சொன்ன பொய்யை அச்சமே மெய்யாக்கிவிடுகிறது.

தொலைக்காட்சியால் நன்மை விளையாது என்பதும் உண்மையன்று. இளம்பிள்ளைவாதத்துக்கு எதிரான சொட்டு மருந்து இயக்கம் 1995இல் நாடெங்கும் தொடங்கியபோது, நாள் குறித்து, இடம் குறித்து, அஞ்சாதே என்று சொல்லித் தாய்மாரை அழைத்து வந்ததில் தொலைக்காட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. அவ்வியக்கத்துக்கு அறிவியல் அடித்தளம் இட்டோருள் ஒருவர் வேலூரின் டாக்டர் டி. ஜேக்கப் ஜான். 2011 ஜனவரி 13க்குப் பின் நாட்டில் இயல்பான இளம்பிள்ளைவாத நோய் எவருக்கும் காணப்படவில்லை. 2014 மார்ச்சு 27 அன்று அதற்குச் சான்றும் கிடைத்தது. செய்தியை உள்ளவாறே சொல்லத் தொலைக்காட்சி துணிந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதுவே சான்று.

நடுவில் உள்ள நெடும்பகுதி

கண்ணீர் ஒரு நாள். அற்புதம் ஒரு கணம். இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள நெடும்பகுதிக்குப் பெயர் வாழ்க்கை. அதுவே திரையில் இல்லை.

மேரி வர்கீஸின் வாழ்க்கையைத் தொடர்வோம். அவர் எழுந்து நடக்கவில்லை; இறுதிவரை சக்கர நாற்காலியே. ஆனால் தொழுநோயாளரின் கையில் செய்யும் அறுவையை மருத்துவர் அமர்ந்தே செய்யலாம். இந்தச் சிறிய உண்மையைப் பற்றிக்கொண்டு, பிராண்டின் ஊக்கத்தால் அவர் கை அறுவை மருத்துவரானார். பின் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, வேலூரில் உடலியல் மருத்துவ, மறுவாழ்வுத் துறையின் தலைவரானார். 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 1986இல் மறைந்தார். நடக்க இயலாத மருத்துவர், பிடிக்க இயலாத கைகளைச் சீராக்கினார். இதில் மணியோசை இல்லை, வயலினும் தேவையில்லை. மேசையின் உயரம், வாயிற்படியின் சரிவு, கழிப்பறைக் கதவின் அகலம் ஆகியவையே இக்கதையின் திருப்பங்கள். எழுதத் தெரிந்தவர்க்கு இவை போதாவா?

தோல் தொழிலின் நாட்டுக்கு உரிய இன்னொரு கதையும் உண்டு. உணர்ச்சியற்ற பாதத்தில் முள்ளும் கல்லும் ஏறுவது தெரியாது. புண் ஆழ்ந்து கால் போகும். இதைத் தடுக்க நுண்துளை ரப்பர் அடிவைத்த மென்மையான செருப்புகள் வேலூரிலும் காரிகிரியிலும் செய்து நோயாளருக்கு அளிக்கப்பட்டன. இன்று நீரிழிவால் கால் மரத்துப்போனவர்களுக்கும் அத்தகைய செருப்பே காப்பு. ஆம்பூரும் வாணியம்பாடியும் உலக நாடுகளுக்குக் காலணி தைத்து அனுப்புகின்றன. வலி அறியாத ஒரு காலுக்கேற்ற செருப்பும் இம்மண்ணிலேயே உருவாயிற்று. தொழுநோயாளிக்குச் செய்த செருப்பு, அவரை ஒதுக்கிவைத்த ஊரின் செல்வந்தரது காலைக் காக்கும் காலமும் வந்துவிட்டது.

சின்னத்திரையே தந்த ஒரு நல்ல சான்றையும் மறைத்தலாகாது. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981இல் திருச்சிக்கு அருகே நேர்ந்த பேருந்து விபத்தை அடுத்து ஒரு காலை இழந்தார். செய்ப்பூர்க் கால் பொருத்தி 1984இல் மீண்டும் மேடையேறினார். அக்கதையை ‘மயூரி’ என்னும் தெலுங்குப் படம் சொன்னது, அவரே நடித்தார். அது வழக்கமான வெற்றிக்கதை. அதனினும் பெரிய வெற்றி பின்னர் வந்தது. இந்தித் தொடர்களிலும், 2013 முதல் ‘தெய்வம் தந்த வீடு’ என்னும் தமிழ்த் தொடரிலும் அவர் அதிகாரமும் சூழ்ச்சியும் மிக்க மாமியாராக வலம் வந்தபோது, அவருடைய காலைப் பற்றிக் கதை ஒரு சொல்லும் பேசவில்லை. மக்கள் அவரை இரங்காமல் திட்டினர். ஒரு நடிகைக்கு அது நிறைவான மரியாதை.

சட்டமும் தீர்ப்பும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. தொழுநோயிலிருந்து மீண்டோரும் அதில் அடங்குவர். பொதுவிடத்தில் வேண்டுமென்றே அவர்களை இழிவுபடுத்துவது ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம் என்றும் விதித்தது. செவிப்புலன் குறைந்தோருக்கும் நிகழ்ச்சிகள் எட்டும் வகையில் வரிவடிவமும் சைகைமொழியும் அமைவதற்கான நெறிமுறைகளை 2019இல் ஒன்றிய அரசு வெளியிட்டது. 2024 ஜூலை 8 அன்று, ஓர் இந்தித் திரைப்படத்தைப் பற்றிய வழக்கில், தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி பர்திவாலா ஆகியோர் காட்சி ஊடகங்களுக்கு வழிகாட்டும் கோட்பாடுகளை வகுத்தனர். மாற்றுத்திறனாளியோடு சேர்ந்து சிரிக்கும் நகைச்சுவை வேறு, அவரைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு. இழிசொற்களைத் தவிர்க்க வேண்டும். மருத்துவச் செய்தியைச் சரிபார்க்க வேண்டும். அவர்களைப் பற்றிய படைப்பில் அவர்களுக்குப் பங்கு வேண்டும் என்பன அவற்றின் சாரம். சட்டம் எல்லையைக் காட்டும். எல்லைக்குள் பயிரிடுவது எழுதுவோரின் வேலை.

கவிஞர்க்கு உரிய பங்கு

தொலைக்காட்சியைக் குறை கூறுவது எளிது. அதன் உரையாடலை எழுதியவர்கள் தமிழ் படித்தவர்கள். அவர்களுக்கு உவமைகளைத் தந்தது இலக்கியம். புறநானூற்றின் 28ஆம் பாட்டில், பார்வையற்றோர், பேச இயலாதோர், கேளாதோர் உள்ளிட்ட எட்டு வகையினரைப் பயனற்ற பிறப்புகள் என உறையூர் முதுகண்ணன் சாத்தனார் வகைப்படுத்துகிறார். அதே மரபில்தான், உடலின் குறை பழியாகாது, அறிந்து முயலாமையே பழி என்று பொருள் கொள்ளத்தக்க குறளை வள்ளுவர் ஆள்வினையுடைமையில் வைத்தார். ஒருவர் பார்வையற்றவராகவும் மற்றவர் நடக்க இயலாதவராகவும் இருந்த இரட்டைப்புலவர்கள் தில்லைக் கலம்பகம் பாடினர். அந்தகக்கவி வீரராகவ முதலியார் அவைகளை ஆண்டார். அவர்கள் பாடுபொருளாக நிற்கவில்லை, பாடியவர்களாக நின்றனர். இரு வழிகளும் தமிழுக்குள்ளேயே உள்ளன. எதில் நடப்பது என்பது நடப்பவரின் தேர்வு.

கவியரங்க மேடைகளில் இன்றும் சட்டம் குருடாகிறது, நீதி முடமாகிறது, சமுதாயம் செவிடாகிறது, ஊழல் தொழுநோயாகவும் புற்றுநோயாகவும் ஆகிறது. கைத்தட்டலும் கிடைக்கிறது. கேட்போர் வரிசையில் அந்நோயோடு ஒருவர் அமர்ந்திருக்கிறார் என்பதை உவமை நினைப்பதில்லை. தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற அமெரிக்க எழுத்தாளர் சூசன் சாண்டாக், நோயை உருவகமாக்குவது நோயாளியின் மேல் இரண்டாவது சுமையை ஏற்றுகிறது என்று 1978இல் ஒரு நூலே எழுதினார். நீதி முடமாகிவிட்டது என்று பாடுகின்ற கவிஞர் உண்மையில் சொல்ல விரும்புவது, நீதி விலைபோய்விட்டது என்பதே. அதை அப்படியே சொன்னால் பாட்டு கூர்மையாகும். யாருடைய காலும் அதற்கு இரவல் வேண்டியதில்லை.

‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்பதை 2010இல் தமிழக அரசு ஏற்றது. சொல் மாறியது நன்று. பழைய சொல்லில் இருந்த இரக்கம் புதிய சொல்லுக்குள்ளும் குடிபுகுந்துவிடாமல் காப்பது அரசாணையால் ஆகாது. கதையாலும் கவிதையாலும் ஆகும்.

வள்ளல் பேகன் குளிரில் நடுங்கியதென எண்ணி மயிலுக்குப் போர்வை தந்தான். கொடையின் உயர்வுக்கு அதைச் சான்றாகக் காட்டுவது வழக்கம். மயிலுக்கு அது வேண்டியிருந்ததா என்று கேட்டவர் இலர். தொலைக்காட்சி மாலை தோறும் ஒவ்வொரு வீட்டாரையும் பேகனாக்கி, போர்வை தந்த மகிழ்வோடு உறங்க அனுப்புகிறது. மாற்றுத்திறனாளிகள் கேட்பது போர்வையன்று. சரிவுப் பாதை, காலத்தில் மருந்து, கூலி குறையாத வேலை, பாட்டில் பிழை இருந்தால் பிழை என்று சொல்லும் நேர்மை. இவற்றைக் கதையாக எழுதும் கை இந்த அவையில் உண்டு. மேரி வர்கீஸின் ஒரு நாளை, நவஜீவ நிலையத்தில் உளி பிடிக்கக் கற்ற முதல் கையை, தேமலை மறைக்காமல் நலவாழ்வு நிலையத்துக்குச் சென்ற ஒரு பீடித் தொழிலாளியின் காலையை எழுதுக. அவை திரைக்கு ஏறினால் நன்று. ஏறாவிட்டாலும் தமிழில் இருக்கட்டும். அந்தத் தேமல் கொண்ட பெண் அடுத்த முறை தன் நோயைப் பற்றி ஏதேனும் கேட்கும்போது, சிலையைத் தவிர வேறொன்றும் அவள் நினைவுக்கு வர வேண்டும்.